வாத்தியார் தொண்டை

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால் பெட்டியைக் கோவிலுக்குள் கொண்டுவந்து வைத்து, பாட்டும் ஜெபமும் முடிந்ததும், இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் எழுந்து வாசிக்கவேண்டும். பெரும்பாலும் மூத்த மகன் வாசிப்பான். அவன் அழுதுவிட்டால் மருமகன் வாசிப்பார். இன்ன ஊரில் பிறந்தார், ஞானஸ்நானம் பெற்றார், திடப்படுத்தல் எடுத்தார், இன்னாரை மணந்தார், இத்தனை பிள்ளைகள், இன்ன தேதியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முடிந்தது. அப்புறம் கல்லறைக்குத் தூக்கிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் சாம்சுந்தருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "ஒரு மனுசன் எழுவது வருசம் வாழ்ந்திருக்கான். ரேஷன் கார்டுல இருக்கத மட்டும் வாசிச்சிட்டு மண்ணப் போட்டு மூடுதானுவ" என்பார். ஒவ்வொரு அடக்கத்துக்கும் போய்விட்டு வந்து என்னிடம் இதைச் சொல்லிப் புலம்புவார். எழுந்து போய் நீங்களே வாசிக்கவேண்டியதுதானே, என்னிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று நானும் எரிந்து விழுவேன்.

அவர் இங்கிலீஷ் வாத்தியார். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை, சாயங்காலம் வீட்டில் டியூஷன். ஊரே சார் என்று கூப்பிடும். நானும் ஊரோடு சேர்ந்து சார் என்றே சொல்லிப் பழகிவிட்டேன், கோபம் வந்தால் மட்டும் 'இந்தாங்க' என்பேன். நான் ஜாக்கெட் தைக்கிறவள். எங்கள் வீட்டில் முன்னறைக்கு மட்டும்தான் வெளிச்சம் உண்டு. அதனால் அதில் ஒரு பக்கம் கரும்பலகை, பிள்ளைகள், சார்; மறுபக்கம் நான், என் மிஷின், தைக்கவேண்டிய துணி மூட்டை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் கேட்டு என் வாயைக் கிளறவேண்டாம்.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தோற்றவள் நான். இருந்தாலும் கை தைத்துக்கொண்டிருக்க, காதில் விழுந்து விழுந்து எனக்கும் கொஞ்சம் ஏறிவிட்டது. செட்டிங் என்றால் கதை நடக்கும் இடமும் நேரமும். கேரக்டர் என்றால் கதையில் வருகிற ஆள். நரேட்டர் என்றால் கதையைச் சொல்கிறவர். இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் வைத்திருந்த உதாரணங்கள் எல்லாம் இந்த ஊர்தான். "கதை எங்கன நடக்கு? நம்ம பஸ் ஸ்டாண்டா, பனவடலிசத்திரம் காடா? மத்தியானமா, விடியக்காலமா? மொதல்ல அத எனக்குக் காட்டுலே, அப்புறம் ஆளக் கூட்டிட்டு வா" என்பார்.

"கதைன்னா என்னது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சொல்வார். "ஒருத்தனுக்கு ஒண்ணு வேணும். அது கிடைக்கவிடாம இன்னொண்ணு குறுக்க நிக்கி. அம்புட்டுதான். அந்தக் குறுக்க நிக்கதுக்குப் பேருதான் கான்ஃப்ளிக்ட். ஒனக்குத் திருவிழாவுக்குப் போணும், ஒங்கம்மா விடமாட்டா. கான்ஃப்ளிக்ட்."

"டர்னிங் பாயின்ட்னா சார்?"

"இனிமே பழையபடி திரும்பிப் போக முடியாதுன்னு ஒரு இடம் வரும்லா, அது."

ஒரே குணம் மட்டும் உள்ள ஆள் ஃப்ளாட் கேரக்டர், பல குணம் கலந்த ஆள் ரவுண்டு கேரக்டர் என்று சொல்லும்போது மட்டும் என் பக்கம் கையை நீட்டுவார். "உதாரணத்துக்கு அந்தா உக்காந்திருக்கு பாரு, ரவுண்டு." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். "இந்தாங்க, சோறு வேணுமா வேண்டாமா?" என்று நான் கத்துவேன். வருஷா வருஷம் இதே கூத்து. வருஷா வருஷம் எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

கதையைச் சொல்லிக்கொண்டே வந்து உச்சத்துக்கு வரும்போது, க்ளைமாக்ஸ் என்பார்கள் அதை, குரலை அப்படியே தணித்துவிடுவார். என் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். உடனே திரும்பி, "ஏட்டி ஹெப்சி, மிஷின நிறுத்து" என்பார். நாளைக்கு வளைகாப்புக்குக் கொடுக்கவேண்டிய ஜாக்கெட் என் கையில் இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே காலை எடுப்பேன். உண்மையைச் சொல்வதென்றால், க்ளைமாக்ஸை எனக்கும் கேட்கவேண்டும் போலத்தான் இருக்கும். அவருடைய குரல் அப்படி. பக்கத்துத் தெருவில் நாள் முழுக்க விசைத்தறி ஓடும், அதையும் மீறி, கத்தாமலே, கடைசி வரிசைப் பிள்ளை வரைக்கும் போய்ச் சேரும். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடியபோதுகூட விடவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடத்தைப் பேசிப் பேசிப் பிள்ளைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போதும் என் மிஷின் அவருக்கு இடைஞ்சல்தான்.

இந்தக் குரல் சபைக்குப் போனது ஞானஒளிவு அண்ணாச்சியால். அவர் எங்கள் சபைச் செயலாளர், பஜாரில் விதைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா இறந்தபோது அண்ணாச்சியால் ஒரு வரி எழுத முடியவில்லை. சார் துக்க வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க அப்பா எதுக்கு ஆசப்பட்டாங்க? அத எது தடுத்துச்சு?"

அண்ணாச்சி சொன்னார். "கடலப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. திருச்செந்தூரு என்ன தூரமா? நாளைக்கிப் போவோம், அறுவடை முடியட்டும், வெத வெதப்பு முடியட்டும்னு கடையப் பூட்டவே மனசு வரல அவுகளுக்கு."

மறுநாள் கோவிலில் சார் வாசித்தது பிறந்த தேதியும் இறந்த தேதியும் அல்ல. கடைக்கு லீவு விடத் தெரியாத ஒரு மனிதர், கடலைப் பார்க்காமலே போய்விட்டார் என்று வாசித்தார். அன்றைக்கு ஆண்கள் பக்கத்திலும் அழுகைச் சத்தம் கேட்டது. அந்த மாதமே அண்ணாச்சி குடும்பத்தோடு கடையைப் பூட்டிவிட்டுத் திருச்செந்தூர் போய்வந்தார். அதற்குப் பிறகு எங்கள் சபையில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் பெட்டிக்குச் சொல்வார்கள், அடுத்து சாருக்குச் சொல்வார்கள். பாட்டுக் குழுவில் சேர ஆசைப்பட்டு, குரல் கரகரப்பு என்று யாரும் சேர்க்காததால், ஆயுசெல்லாம் அடுக்களையிலேயே பாடின ஒரு அம்மாளுக்கு அவர் வாசித்ததைக் கேட்டுப் பாட்டுக் குழுவே தலையைத் தொங்கப்போட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், அவருக்குத் தொண்டை கட்டியது.

இந்த ஊரில் வாத்தியாருக்குத் தொண்டை கட்டினால் யாரும் பயப்படமாட்டார்கள். அது வேலையோடு வருவது. தையல்காரிக்கு இடுப்புவலி மாதிரி. பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள், "வாத்தியார் தொண்டை சார், லீவு விட்டா சரியாப் போகும்" என்றார்கள். சபையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதிமதுரம் கொடுத்தேன். சித்தரத்தை கொடுத்தேன். மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். பெரிய வெள்ளி ஆராதனையில் அவர் கரகரவென்று வாசித்ததைக் கேட்டு, "சார் இன்னிக்கு உருக்கமா வாசிச்சாவ" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். கோடை லீவு வந்தது, போனது. தொண்டை திறக்கவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் முழுக்க ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்த நாளில், பக்கத்தில் நின்று அவர் என்னிடம் பேசியது எனக்குக் கேட்கவே இல்லை. சத்தத்தால்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தின பிறகும் கேட்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பையை எடுத்துவைத்தேன்.

திருநெல்வேலியில் காட்டினோம். அவர்கள் மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துவிட்டு எங்கள் இருவரையும் உட்காரவைத்தார் டாக்டர். இள வயசு, நல்ல பொறுமை. சிகரெட் உண்டா என்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். "சாக்பீஸ் தவிர ஒண்ணையும் கையில எடுத்ததில்ல டாக்டர்" என்றேன். அவர் ஒரு தாளில் கழுத்தை வரைந்து காட்டினார். குரல்வளையில் புற்று. குரல்வளையை எடுத்துவிடவேண்டும். அதன்பிறகு கழுத்தில் வைக்கிற துளை வழியாகத்தான் மூச்சு. பேச்சு வராது. ஆனால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

"வேற வழியே இல்லையா?" என்று சார் கேட்டார். அந்தக் கேள்வியே பாதி காற்றாகத்தான் வந்தது.

கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தும் மருந்து ஏற்றியும் பார்க்கலாம், குரல் தங்கலாம், ஆனால் நோய் திரும்பி வந்துவிட வாய்ப்பு இருக்கிறது, என் யோசனை ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தெளிவாகவே சொன்னார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ராஜபாளையம் வரைக்கும் அவர் ஜன்னலைப் பார்த்தே வந்தார். பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"ஆபரேஷன் வேண்டாம்ட்டி. கரண்டு வச்சுப் பாப்போம்."

"என்ன பேசுதிய நீங்க? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் என்ன? உயிரு பெருசா, பேச்சு பெருசா?"

"சத்தம் இல்லாம நான் யாருட்டி, சொல்லு" என்றார். "வகுப்புல போயி நின்னு என்ன பண்ணுவேன்? கோவில்ல என்ன பண்ணுவேன்? நான் யாரு?"

"எம் புருசன்" என்றேன். "அது போதாதா ஒங்களுக்கு?"

அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது. முன்சீட்டில் இருந்த அம்மாள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சங்கரன்கோவில் வரும்வரை நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. பேச்சுக்காகத்தானே உயிரை விடுகிறீர்கள், பேச்சே இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று இருந்து பாருங்கள் என்ற ஆங்காரம். சோற்றைப் போட்டு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், மிஷினில் போய் உட்கார்ந்துகொள்வேன். இஸ்ரேல் ஐயர் வந்தார். எங்கள் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் இருவருக்கும் பொதுவாக ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். கடைசியில் நான்தான் தோற்றேன். அவருடைய கழுத்து, அவருடைய முடிவு என்று எல்லாரும் என் வாயை அடைத்துவிட்டார்கள்.

மதுரையில் அறை எடுத்துத் தங்கிக் கரண்டு வைத்தோம். கழுத்துத் தோல் கருத்துப்போய் உரிந்தது. கஞ்சியைக்கூட ஒவ்வொரு மிடறாக அழுதுகொண்டேதான் விழுங்கினார். ஆனால், சும்மா சொல்லக்கூடாது, குரல் வந்தது. முதலில் கீச்சென்று, அப்புறம் கரகரவென்று, கிறிஸ்மஸ் நெருங்கும்போது முக்கால்வாசி பழையபடியே வந்துவிட்டது. கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனையில் ஐயர் அவரைப் பாடம் வாசிக்கச் சொன்னார். சபை மொத்தமும் மூச்சுவிடாமல் கேட்டது. வாசித்து முடித்து என் பக்கம் பார்த்தார் பாருங்கள், பந்தயத்தில் ஜெயித்த பையன் மாதிரி. போய்த் தொலையட்டும், அவர் சொன்னதே சரியாக இருக்கட்டும் ஆண்டவரே என்று நான் மனசாரச் சொன்னேன். அன்றைக்குக் கறிக்குழம்பில் அவருக்கென்று காரம் குறைத்து வைத்தேன்.

ஜனவரியில் டியூஷன் மறுபடியும் தொடங்கியது. மறுபடியும் கான்ஃப்ளிக்ட், க்ளைமாக்ஸ், ரவுண்டு கேரக்டர். மறுபடியும் மிஷினை நிறுத்து. அந்த ஐந்து மாதம் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தெரியவில்லை. ஜாக்கெட் அவசரத்தில் அவரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கழுத்தில் கட்டி தெரிந்தது. மதுரையில் அதே டாக்டர் இந்தத் தடவை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். இப்போது எடுத்தே ஆகவேண்டும், ஆனால் முதலிலேயே எடுத்திருந்தால் என்று தொடங்கி அவரே நிறுத்திக்கொண்டார். நுரையீரலிலும் ஏதோ புள்ளி தெரிகிறதாம்.

"சரிட்டி, எடுத்துரட்டும்" என்றார் சார். "நீ சொன்னதுதான் சரி."

"இப்பச் சொல்லி? இப்பச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்று ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் அவர் தோளில் அடித்தேன். அவர் வாங்கிக்கொண்டே நின்றார்.

ஆபரேஷன் அன்று காலையில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவர் குரல் எங்களிடம் எங்கேயும் இல்லை. கொரோனா காலத்தில் பேசி அனுப்பின போன் பழுதாகி, புதுசு வாங்கும்போது அதிலிருந்தது எல்லாம் போய்விட்டது. நான் என் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஏதாவது பேசுங்க. என்னத் திட்டவாவது செய்யுங்க. வச்சுக்கிடுதேன்."

அவர் போனைத் தள்ளிவிட்டார். அப்போது அவருக்கு வெறும் காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது. "இது என் சத்தம் இல்லட்டி" என்றார். அதுதான் என்னிடம் அவர் பேசின கடைசிப் பேச்சு. பிடிவாதக்காரர். கடைசிவரை பிடிவாதம்.

வீட்டுக்கு வந்த பிறகு, டியூஷன் கரும்பலகைதான் எங்களுக்குள் பேச்சு. எழுந்து போய் 'டீ' என்று எழுதுவார். 'மழை வருது, துணி' என்று எழுதுவார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே எழுந்து போய் 'உப்பு கம்மி' என்று எழுதினார். "பேச்சுப் போயும் கொற சொல்லுதது மட்டும் போகல பாருங்க" என்றேன். தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் இல்லை, கழுத்துத் துளையில் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. நானும் சிரித்தேன், அடுக்களைக்குப் போய் அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் சால்வை போர்த்தி, நன்றி சொல்லி அனுப்பிவைத்துவிட்டார்கள். டியூஷன் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. யாரைக் குறை சொல்ல? பேசாத வாத்தியாரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? ரசீதாவும் இன்னும் ஒன்றிரண்டு பெண்களும்தான் மிச்சம். ரசீதா கடையநல்லூர்ப் பெண். அவள் வாப்பா சவூதியில் இருக்கிறார். உம்மாவோடு எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்து சாரிடம் படிக்கிறவள்.

ஒரு சாயங்காலம் சார் அவர்களுக்குக் கதை வைத்துக் கான்ஃப்ளிக்ட் நடத்தினார். அவர் பலகையில் எழுத எழுத, ரசீதா அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். நான் தைத்துக்கொண்டிருந்தேன். க்ளைமாக்ஸ் என்று அவர் எழுதி அடிக்கோடு போட்டதைக் கண்டதும், யாரும் சொல்லாமலே என் கால் மிஷினை நிறுத்திவிட்டது. அறை அமைதியாகிவிட்டது. சார் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் கையை ஆட்டி, தை, தை என்று காட்டினார். எதற்காக நிறுத்தவேண்டும், கேட்பதற்கு அவர் சத்தம்தான் இல்லையே. நான் மறுபடியும் மிதித்தேன். ஊசி எந்தத் துணியில் போகிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் டியூஷன் எடுக்கவில்லை. கார்த்திகை மழை பிடித்த வாரத்தில், மூச்சுக்குத் தவித்து, ஒரு மத்தியானம் என் மடியில் போய்விட்டார்.

துக்க வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை. வாழ்க்கைக் குறிப்பை யார் எழுதுவது, யார் வாசிப்பது? ஊரில் செத்தவருக்கெல்லாம் வாசித்த மனுஷனுக்கு வாசிக்க ஒரு மகன் இல்லை. பேசாமல் பழைய மாதிரியே பிறந்த தேதி, வேலை பார்த்த இடம் என்று எழுதிவிடலாம் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது ஞானஒளிவு அண்ணாச்சி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, சார் எல்லார் வீட்லயும் கேக்க கேள்விய நான் கேக்கேன். கோச்சுக்கிடாத. சார் எதுக்கு ஆசப்பட்டாரு? அத எது தடுத்துச்சு?"

எனக்கு அழுகை நின்றுவிட்டது. இத்தனை நாளும் யாரும் இதை என்னிடம் கேட்கவில்லை. எப்படி இருக்கிறார், என்ன சாப்பிட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்றுதான் கேட்டார்கள். அண்ணாச்சியிடம் பஸ்ஸில் பேசினது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு தாளில் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

கோவிலில் மழைத் தூவானம் ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. துக்கத்துக்காகப் பக்கத்துத் தெருத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். சங்கரன்கோவிலில், கரும்பலகைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் ஒரு ஆசிரியர் வாழ்ந்தார் என்று தொடங்கினார். செட்டிங்கை முதலில் வைத்துவிட்டார், சார் சொன்னபடி. நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தார். "அவர் தம் குரலை விரும்பினார். அவர் மனைவி..." என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. ஐயர் தண்ணீர் கொடுத்தார். மறுபடியும் வாயைத் திறந்தார், வரவில்லை. விதைக் கடைக்காரர் பாவம், வாசிப்பதைவிட நன்றாக அழுகிறார்.

பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்தபடியே நான் சொல்லிவிட்டேன். எழுந்திருக்கக்கூட இல்லை.

"அவுகளுக்குச் சத்தம் வேணும். எனக்கு அவுக வேணும். ஒருத்தருக்கொருத்தர் குறுக்க நின்னோம். ரெண்டு பேருக்கும் கிடைக்கல. அம்புட்டுதான்."

அப்புறம் ஐயர் பாட்டைத் தொடங்கினார். பெட்டியைத் தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் போல இருக்கும். மறுபடியும் தைக்க உட்கார்ந்தேன், வேறு என்ன செய்ய? கரும்பலகையில் அவர் கடைசியாக எழுதின 'போர்வை' அப்படியே கிடந்தது. அதை அழிக்கவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை. அன்றைக்கு ரசீதா வந்தாள். கையில் துணி எதுவும் இல்லை, ஒரு பழைய போன் இருந்தது. உடைந்த கண்ணாடியில் செலோடேப் ஒட்டியிருந்தது.

"ஆன்ட்டி, கொரோனா நேரத்துல சார் எங்களுக்குப் பாடம் பேசி அனுப்புவாங்கல்லா. எங்க உம்மா போன்ல அழிக்காமக் கிடந்துச்சு. எல்லாம் இருக்கு. போடவா?"

தலையை ஆட்டினேன். அவள் தொட்டாள்.

"பிள்ளைகளா, கான்ஃப்ளிக்ட்னா என்னது?" என்று அவர் கேட்டார். கரகரப்பு இல்லை, காற்று இல்லை. முழுசாக, பழைய சத்தம். உயிர், குரல், இரண்டில் ஒன்று என்று டாக்டர் சொன்னார். ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. நான் கேட்டது அதை இல்லையே ஆண்டவரே, நான் கேட்டது அதை இல்லையே.

சத்தத்துக்குப் பின்னால் வேறு ஒரு சத்தமும் கேட்டது. கடகடவென்று. என் மிஷின்தான். எந்த ஜாக்கெட்டோ, யாருடைய கல்யாணத்துக்கோ. அவர் பேச்சை நிறுத்தினார்.

"ஒரு நிமிசம் பிள்ளைகளா. ஏட்டி ஹெப்சி, மிஷின நிறுத்து."

போனுக்குள் மிஷின் நின்றது. "ம்" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

ரசீதா என்னைப் பார்த்தாள். மறுபடியும் போடு என்றேன். மறுபடியும் போட்டாள். ஏட்டி ஹெப்சி, மிஷின நிறுத்து. எனக்கு முன்னால் மிஷின் ஓடவே இல்லை. அவள் வந்தபோதே நிறுத்திவிட்டிருந்தேன். இருந்தாலும் காலை மிதிபலகையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன்.

"நிறுத்திட்டேங்க" என்றேன். "சொல்லுங்க."